14 வயதில் களவெடுத்தவன் 70 வயதில் என்ன ஆனான்?



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

ஊரில் ஒரு பொடியன் களவிலோ தூளிலோ பிடிபட்டால் இரண்டு வசனங்கள் கட்டாயம் காதில் விழும். ஒன்று, "அவன் சின்னதிலிருந்தே அப்படித்தான், திருந்த மாட்டான்." மற்றது, "வயசுக் கோளாறு, கலியாணம் முடிச்சு வெச்சா சரியாகிடும்." இரண்டையும் ஒரே ஆள் ஒரே வாரத்தில் சொன்னதையும் கேட்டிருக்கிறேன். பிடிபட்டது யாருடைய பிள்ளை என்பதைப் பொறுத்து வசனம் மாறும்.

இந்த இரண்டில் எது சரி என்று ஏறத்தாழ இருநூறு வருடமாக ஆட்கள் கணக்கு வைத்துத் தேடியிருக்கிறார்கள். அந்தத் தேடலின் கதையை நம் ஊரவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. பிடிபட்ட பிள்ளைகளில் பலர் ஒரு நாள் வெளியே வருவார்கள், வந்து நம் சந்தியில்தான் நிற்பார்கள்.

முதலில் கணக்குப் பார்த்தவர் பெல்ஜியம் நாட்டு அடொல்ப் கெட்டலே. ஆள் வானியல் அறிஞர். நட்சத்திரங்களை அளந்த அதே பழக்கத்தில், பிரான்ஸ் நீதிமன்றங்களின் புள்ளிவிபரங்களை எடுத்து எந்த வயதில் எத்தனை பேர் குற்றம் செய்கிறார்கள் என்று 1831 இல் எழுதினார். இளவயதில் கோடு மளமளவென்று ஏறுகிறது, 25 வயதை அண்டி உச்சிக்குப் போகிறது, பிறகு இறங்கிக்கொண்டே போகிறது. அதன் பிறகு எத்தனையோ நாடுகளில் இதே வேலையைச் செய்து பார்த்திருக்கிறார்கள். உச்சி வரும் வயது கொஞ்சம் முன்பின்னாக மாறுமே தவிர, கோட்டின் வடிவம் பெரும்பாலும் இதுதான்.

அப்படியென்றால் "வயசுக் கோளாறு" என்ற கட்சி வென்றுவிட்டதா? இல்லை. அந்தக் கோடு ஒரு கூட்டத்தின் சராசரி. அதற்குள் இருக்கும் ஒவ்வொருவனுக்கும் என்ன நடந்தது என்று அது சொல்லாது. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாலும் கோடு இறங்கும். பெரும்பாலானோர் முற்றாக விட்டுவிட, ஒரு சிலர் மட்டும் கடைசிவரை தொடர்ந்தாலும் அதே கோடுதான் வரும். வகுப்பின் சராசரிப் புள்ளி 55 என்றால் பின்வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று ஆசிரியருக்குத் தெரியாதல்லவா, அது போல.

"பிறவியிலேயே அப்படி" என்ற கட்சிக்கும் படித்த ஆட்கள் இருந்தார்கள். இத்தாலியில் சேசரே லொம்பிரோசோ என்ற வைத்தியர் 1876 இல் ஒரு புத்தகம் எழுதினார். மண்டையோட்டையும் தாடையையும் அளந்தால் பிறவிக் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது அவருடைய வாதம். அதற்கு ஐந்து வருடம் முன்பே, நமக்குப் பக்கத்தில், பிரித்தானியர் 1871 இல் இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு சாதியில் பிறந்த குழந்தை, ஒரு மாங்காய்கூடப் பறிக்காமலேயே, பதிவேட்டில் ஏறியது. 1911 இல் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் போனது. சுதந்திரத்துக்குப் பிறகுதான், 1952 இல், இந்தியா முழுவதும் அதை நீக்கினார்கள். "அந்தத் தெருப் பிள்ளைகள் அப்படித்தான்" என்று நாம் லேசாகச் சொல்லிவிடுகிறோம். அந்த வசனம் ஒரு காலத்தில் அரச சட்டமாக இருந்தது என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.

இனி முக்கியமான கதைக்கு வருகிறேன்.

ஷெல்டன் குளூக், எலினோர் குளூக் என்று ஒரு தம்பதி. அமெரிக்காவில் ஹாவர்ட் சட்டக் கல்லூரியில் வேலை. கணவர் போலந்தில் பிறந்து அங்கே வந்து பேராசிரியர் ஆனவர். மனைவி கலாநிதிப் பட்டம் பெற்றவர், வேலையில் கணவருக்குச் சமமாக உழைத்தவர். ஆனாலும் அவருக்குப் பேராசிரியர் பதவி ஒருநாளும் கிடைக்கவில்லை, ஆராய்ச்சி உதவியாளர் என்றே பல வருடம் இருந்தார். இது வேறு கதை, விட்டுவிடுவோம்.

இருவரும் 1940 ஐ அண்டி பொஸ்டன் நகரில் ஆயிரம் பையன்களைத் தெரிவு செய்தார்கள். 500 பேர் களவு போன்ற குற்றங்களுக்காகச் சீர்திருத்தப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டவர்கள். மற்ற 500 பேர் அதே நகரத்தின் அரச பாடசாலைகளில் படித்த, அப்படி எதிலும் மாட்டாத பையன்கள். எல்லோருக்கும் வயது 10 முதல் 17 வரை. ஒவ்வொரு குற்றப் பையனுக்கும் ஒரு சாதாரணப் பையன் சோடி. வயது, குடும்பம் எந்த நாட்டு வழி, புத்திக்கூர்மை, எப்படிப்பட்ட தெரு ஆகிய நான்கும் முடிந்தவரை பொருந்த வேண்டும். இருபக்கமும் ஏழைக் குடும்பங்கள்தான், பலர் குடியேறி வந்தவர்களின் பிள்ளைகள். வறுமையும் தெருவும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும்போது ஒருவன் போகிறான், மற்றவன் போகவில்லை. ஏன்?

பெற்றோர், ஆசிரியர், அயலவர், பொலிஸ், முதலாளி என்று ஒருவர் விடாமல் விசாரித்துக் கோப்பு எழுதினார்கள். அதே ஆட்களை 25 வயதிலும் 32 வயதிலும் திரும்பத் தேடிப் பிடித்தார்கள். கணினி இல்லாத காலத்தில் இது லேசான வேலை இல்லை. முதல் அறிக்கை 1950 இல் வந்தது. வீட்டைப் பற்றி அவர்கள் கண்டது இன்றும் நிற்கிறது. வாப்பாவின் கண்டிப்பு அளவோடும் ஒரே சீராகவும் இருக்கிறதா, உம்மாவின் கண் பிள்ளை மேல் இருக்கிறதா, இருவரும் பிள்ளையிடம் பாசமாக இருக்கிறார்களா, குடும்பம் ஒட்டி இருக்கிறதா என்பவைதான் இரண்டு கூட்டத்தையும் பெரிதாகப் பிரித்துக் காட்டின. ஒருநாள் அடித்து நொறுக்கி, மறுநாள் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் மோசம். ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் குளூக் தம்பதி அதோடு நிற்கவில்லை. இந்த ஐந்து விடயங்களை வைத்து ஒரு அட்டவணை போட்டு, ஆறு வயதிலேயே எந்தப் பிள்ளை குற்றவாளி ஆகும் என்று சொல்லிவிடலாம் என்றார்கள். பத்திரிகைகளுக்கு நல்ல செய்தி. கணக்குத் தெரிந்தவர்கள் பாய்ந்து விழுந்தார்கள். ஏன் என்று ஒரு கற்பனைக் கணக்கில் காட்டுகிறேன்.

ஒரு ஊரில் 1000 பிள்ளைகள், அவர்களில் 50 பேர் பின்னாளில் வழிதவறப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம்மிடம் 90 வீதம் சரியாகச் சொல்லும் ஒரு அட்டவணை இருக்கிறது. அந்த 50 பேரில் 45 பேரை அது பிடிக்கும். நல்லது. ஆனால் மிச்சமான 950 நல்ல பிள்ளைகளில் 10 வீதம் பிழைக்கும். அது 95 பேர். ஆகமொத்தம் 140 பிள்ளைகளுக்கு "இவன் கள்ளன் ஆவான்" என்று முத்திரை, அதில் 95 பேருக்கு அநியாயமான முத்திரை. குளூக் அட்டவணை நன்றாக வேலை செய்வது போலத் தெரிந்ததற்குக் காரணம், அவர்களுடைய ஆயிரம் பேரில் சரிபாதி ஏற்கனவே குற்றவாளிகள். எந்தத் தெருவிலும் பாதிப் பிள்ளைகள் கள்ளர் இல்லை. "பார், நான் அப்போதே சொன்னேன்" என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதிலும் இதே பிழைதான் இருக்கிறது. கெட்டுப்போனவனின் சின்ன வயதைத் திரும்பிப் பார்த்தால் எல்லாம் பொருந்தும். அதே குறும்பு செய்து இன்று கடை வைத்திருப்பவனை யாரும் எண்ணுவதில்லை.

எலினோர் 1972 இல் காலமானார், ஷெல்டன் 1980 இல். அவர்களுடைய கோப்புகள் ஹாவர்ட் சட்டக் கல்லூரி நூலகத்தின் நிலக்கீழ் அறைக்குப் போயின. 1980களின் நடுப்பகுதியில் ஜோன் லோப் என்ற ஆய்வாளர் அங்கே தூசி படிந்து கிடந்த சுமார் 60 பெட்டிகளைக் கண்டார். ரொபர்ட் சாம்ப்சன் என்ற சமூகவியலாளரோடு சேர்ந்து பல வருடம் செலவழித்து, கையெழுத்துக் கோப்புகளைக் கணினிக்கு ஏற்றினார். 1993 இல் முதல் புத்தகம். பிறகு அந்த 500 குற்றப் பையன்கள் இப்போது எங்கே என்று தேடப் புறப்பட்டார்கள். பையன்கள் எல்லாம் அறுபது, எழுபது வயதுக் கிழவர்கள். பொலிஸ் பதிவுகளையும் மரணப் பதிவுகளையும் புரட்டினார்கள், 52 பேரிடம் நேரடியாக வாழ்க்கைக் கதையைக் கேட்டார்கள். 2003 இல் இரண்டாவது புத்தகம்.

கண்டது என்ன? பெரும்பாலானவர்கள் விட்டுவிட்டார்கள். இளம் வயதில் மிக மோசமாக இருந்த கூட்டம்கூட, வயது போகப் போக, பிந்தியாவது இறங்கியது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. 500 பேரும் ஒரே மாதிரியான தொடக்கம். ஆனால் யார் 25 இல் விடுவான், யார் 50 வரை இழுப்பான் என்பதை அவர்களுடைய சிறுபராயத்தை வைத்து உருப்படியாகப் பிரித்தறிய முடியவில்லை. குடும்பம், புத்தி, சுபாவம் என்று என்ன கோப்பைப் பார்த்தாலும் பெரிதாக உதவவில்லை. வித்தியாசம் வந்தது பின்னாளில்: நிலையான தொழில், ஒட்டுதலான கலியாணம், இராணுவ சேவை, பழைய தெருவையும் கூட்டாளிகளையும் விட்டு விலகுதல். அதே நேரம், சின்னதில் நல்ல பையன்களாக இருந்த மற்றப் பக்கத்து 500 பேரில், தொழில் இல்லாமல் குடியில் விழுந்த சிலர் பெரிய வயதில் பொலிசில் மாட்டினார்கள்.

இராணுவம் என்றதும் சண்டைக் குணம் அடங்கியது என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பையன்கள் அவர்கள். போனவர்கள் ஊரை விட்டுத் தூரப் போனார்கள், வந்ததும் அரசாங்கம் தொழிற்பயிற்சிக்கும் படிப்புக்கும் பணம் கொடுத்தது. அந்த உதவியால் சாதாரணப் பையன்களைவிட முன்னாள் குற்றப் பையன்களுக்கே நன்மை அதிகம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போருக்குப் பிந்திய பொஸ்டனில் கைவேலை தெரிந்தவனுக்குத் தொழில் தாராளமாகக் கிடைத்தது. எமது பொடியன்களுக்கு 2022 க்குப் பிந்திய இலங்கைதான் கிடைத்திருக்கிறது. ஆய்வில் இருந்தவர்கள் எல்லோரும் வெள்ளை இனத்தவர்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. அதே காலத்தில் அங்கே கறுப்பினப் பையனுக்கு அந்தக் கதவுகள் அப்படித் திறந்திருக்கவில்லை.

சிறையைப் பற்றியும் ஒரு கணக்கு இருக்கிறது. நீண்ட காலம் உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்ததும் தொழிலில் நிலைக்க முடியாமல் போனார்கள். தொழில் இல்லாததால் திரும்பவும் பழைய வேலை. சிறை நேரடியாகக் கெடுத்ததைவிட, தொழில் கிடைக்கும் வழியை வெட்டிவிட்டதே பெரிய கேடு.

இப்போது கலியாணத்துக்கு வருவோம். இதில்தான் எமது ஊர் ஆட்கள் சந்தோஷப்படுவார்கள், அதனால் கவனமாகச் சொல்கிறேன். 2006 இல் இதே ஆட்கள் ஒரு கணக்குப் பார்த்தார்கள். ஒரே மனிதன் கலியாணம் முடித்திருந்த காலத்தையும் முடிக்காதிருந்த காலத்தையும் ஒப்பிட்டால், முடித்திருந்த காலத்தில் குற்றம் செய்யும் வாய்ப்பு சராசரியாக 35 வீதம் குறைவு. "பார்த்தீங்களா சேர்" என்று சொல்ல வேண்டாம். அந்தக் கிழவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டால், மாற்றியது நிகாஹ் பதிவேட்டில் வைத்த கையெழுத்து மாதிரியான ஒன்று இல்லை. பின்னேரத்தில் எங்கே இருக்கிறான் என்று கேட்க ஒருவர் இருந்தார், கூட்டாளிகளின் இடத்தில் மாமனார், மச்சான் வந்தார்கள், நேரத்துக்கு வேலைக்குப் போக வேண்டியிருந்தது, பலருக்கு வீடும் வேறு இடத்துக்கு மாறியது. ஒட்டுதல் இல்லாத கலியாணத்தில் இந்தப் பலன் இல்லை. அதோடு, அந்தப் பொஸ்டன் மனைவிமாருக்கு அது என்ன விலையில் முடிந்தது என்பதை அந்தக் கணக்கு அளக்கவில்லை.

ஐஸ் பாவிக்கும் மகனைப் பற்றி மூச்சு விடாமல், தூரத்து ஊரில் ஒரு ஏழைப் பெண்ணைப் பார்த்துக் கட்டிவைப்பது சிகிச்சை இல்லை, மோசடி. அந்தப் பிள்ளை கைக்குழந்தையோடு காழி நீதிமன்ற வாசலில் நிற்கும்போது திருத்த அனுப்பியவர்கள் யாரும் பக்கத்தில் நிற்பதில்லை. முதலில் சிகிச்சை, பிறகு தொழில், அதற்குப் பிறகு உண்மையைச் சொல்லிப் பெண் கேளுங்கள்.

அமெரிக்காவில் இன்னொரு பெரிய ஆய்வு, பிலடெல்பியா நகரத்தில். 1945 இல் பிறந்து அங்கேயே வளர்ந்த 9,945 பையன்களின் பொலிஸ் பதிவுகளை மார்வின் வொல்ப்காங் என்பவர் குழுவாகப் பார்த்து 1972 இல் வெளியிட்டார். 18 வயதுக்குள் ஏறத்தாழ 35 வீதமானோர் ஒரு தடவையாவது பொலிசில் பதிவானவர்கள். அவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானோர் அந்த ஒரு தடவையோடு சரி. 627 பேர், அதாவது மொத்தத்தில் 6 வீதம், ஐந்து அல்லது அதற்கு மேல். பதிவான குற்றங்களில் பாதிக்கு மேல் அந்த 627 பேருடையது.

அரசியல்வாதிகள் இதில் முதல் பகுதியை வாசிக்கவில்லை. அந்த 6 வீதத்தைக் கண்டுபிடித்துப் பூட்டினால் போதும் என்று கிளம்பினார்கள். 1995 இல் ஜோன் டிலூலியோ என்ற பேராசிரியர், இரக்கமே இல்லாத ஒரு புதுவகை இளம் குற்றவாளிக் கூட்டம் வருகிறது என்று எழுதினார். மாநிலம் மாநிலமாகச் சட்டங்கள் இறுகின, சிறுவர்களைப் பெரியவர்களின் நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் அனுப்பினார்கள். நடந்தது என்ன? அந்தக் கூட்டம் வரவேயில்லை. அதே வருடங்களில் இளையோர் குற்றம் இறங்கத் தொடங்கியிருந்தது. அவரே பின்னர் தன் கணிப்புப் பிழைத்ததை ஒப்புக்கொண்டார். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பரோல் இல்லாத கட்டாய ஆயுள் சிறை கூடாது என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 2012 இல் தீர்த்த வழக்கில், சிறுவர் தரப்புக்குச் சாதகமான ஆய்வாளர் அறிக்கையில் அவரும் கையெழுத்திட்டிருந்தார். அதற்கிடையில் உள்ளே போனவர்களின் வருடங்கள் போனது போனதுதான்.

இனி எமது மார்க்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சம்பவம். 99 கொலை செய்த மனிதனின் ஹதீஸ், புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அவர் முதலில் ஒரு வணக்கசாலியிடம் போனார். உனக்குத் தவ்பா இல்லை என்று அவர் சொல்ல, அவரையும் கொன்று நூறாக்கினார். பிறகு ஒரு அறிஞரிடம் போனார். அந்த அறிஞர் தவ்பா உண்டு என்று மட்டும் சொல்லி அனுப்பவில்லை. உன் ஊர் கெட்ட ஊர், அங்கே திரும்பிப் போகாதே, நல்ல மனிதர்கள் இருக்கும் இன்ன ஊருக்குப் போ என்றார். பயான்களில் தவ்பாவின் பகுதியை நிறையக் கேட்கிறோம். ஊரை மாற்றச் சொன்ன பகுதியில் அவ்வளவாக நிற்பதில்லை. புழைல் இப்னு இயாழ் (ரஹ்) அவர்களின் வரலாறும் அப்படித்தான். குராசானில் பாதையோரக் கொள்ளையராக இருந்தவர் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. திருந்தியவர் அந்தப் பாதையிலேயே இருக்கவில்லை. கூபாவுக்குப் போய் ஹதீஸ் படித்தார், பிறகு மக்காவில் வாழ்ந்து ஹிஜ்ரி 187 இல் அங்கேயே வபாத்தானார்.

2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்தைக் கத்ரீனா சூறாவளி அழித்தது. சிறையிலிருந்து விடுதலையானவர்கள் வழமையாகத் தங்கள் பழைய தெருவுக்கே போவார்கள். அந்த வருடம் பலருக்குப் போவதற்குத் தெருவே இல்லை. டேவிட் கேர்க் என்ற ஆய்வாளர் இதைப் பிடித்துக்கொண்டார். வேறு மாவட்டத்துக்குப் போக நேர்ந்தவர்கள், பழைய இடத்துக்கே திரும்பியவர்களைவிட, மீண்டும் சிறைக்குப் போவது தெளிவாகக் குறைவாக இருந்தது. அந்த அறிஞர் சொன்ன ஆலோசனை எத்தனை நுட்பமானது என்று இதை வாசித்தபோது தோன்றியது.

நம் ஊர்களில் பிள்ளையை 40 நாள் ஜமாஅத்தில் அனுப்புவதும், கட்டாருக்கு அனுப்புவதும் இதே யோசனையில்தான். பயன் உண்டு. ஆனால் 41 ஆவது நாள் அதே சந்தி, அதே கூட்டாளி, கையில் வேலை இல்லை. கட்டாருக்குப் போக பொலிஸ் அறிக்கை வேண்டும், ஒரு வழக்கு இருந்தால் அந்த வழியும் அடைபடும். 2023 டிசம்பரில் தொடங்கிய யுக்திய சுற்றிவளைப்புகளில் கூட்டம் கூட்டமாக உள்ளே போனவர்களில் எத்தனையோ பேர் சின்ன அளவு வைத்திருந்த பாவனையாளர்கள். சட்டம் சில இடங்களில் முன்னேறித்தான் இருக்கிறது. 2018 வரை இந்த நாட்டில் 8 வயதுப் பிள்ளையைக் குற்றவாளி ஆக்கலாம், இப்போது 12. 12 க்கும் 14 க்கும் இடையில் என்றால், செய்தது என்ன என்று விளங்கும் பக்குவம் அந்தப் பிள்ளைக்கு இருந்ததா என்று நீதவான் பார்க்க வேண்டும். ஊரின் நாக்குக்கு மட்டும் வயதெல்லை இல்லை.

பள்ளிவாசல் நிர்வாகத்திடம் நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. வெளியே வரும் பிள்ளையின் பெயரை ஒலிபெருக்கியிலும் வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். ஸகாத் நிதியில் ஒரு பங்கை, இவர்களுக்கு வேறு ஊரில் ஆறு மாத அறை வாடகைக்கும் தொழில் பழகும் செலவுக்கும் ஒதுக்க மார்க்கத்தில் இடமுண்டா என்று உலமாக்களிடம் கேளுங்கள்.

வெளியூரில் கராஜ், வெல்டிங் பட்டறை, பேக்கரி, அலுமினிய வேலை வைத்திருக்கும் நம்மூர்ச் சகோதரர்கள் நிறையப் பேர் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். ஒரு பிள்ளையை எடுத்துத் தங்குமிடமும் கொடுத்துப் பழக்க முடியுமானவர்கள் இன்பொக்ஸில் எழுதுங்கள். எந்த வேலை, எந்த ஊர், எத்தனை வயது ஆள் வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பெயர்களைப் பகிரங்கமாகக் கொமெண்டில் போட வேண்டாம்.